கரியும் கதிரவனும்

"நம் நாட்டு மின்சாரத்தில் பாதி இப்போது கரி எரிக்காமலே கிடைக்கிறது" என்று சில அன்பர்கள் பெருமையுடன் கூறக் கேட்கிறோம். பெருமைப்படக் காரணம் உண்டு. ஆனால் அக்கணக்கில் ஒரு பிழையும் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கரியின் கதை. 12 கிலோ கார்பன் எரிந்தால், காற்றிலுள்ள 32 கிலோ பிராண வாயுவைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, 44 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. பூமியின் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாமல் தடுப்பது இவ்வாயுவே. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி செலவாகிறது. ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. இயற்கை வாயுவை எரித்தால் இதில் பாதி அளவே உண்டாகும்.

சூரிய ஒளித் தகடும் காற்றாலையும் எதையும் எரிப்பதில்லை. ஆயினும் அவற்றைச் செய்யும் தொழிற்சாலையில் எரிபொருள் செலவாகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதையும் சேர்த்து, ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலை நிபுணர் குழு 2014-ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த நடுத்தர மதிப்பு, யூனிட்டுக்குச் சூரிய ஒளியில் 50 கிராமுக்கும் குறைவு. காற்றில் ஏறக்குறைய 12 கிராம்.

அப்படியானால் பிழை எங்கே? 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நீர், காற்று, சூரியன், அணு முதலியவை சேர்ந்து நம் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதியை எட்டின. எட்டியது திறன், உற்பத்தியன்று. இரு மாணவர்கள் ஒரே அளவு புத்தகம் வாங்கிவிட்டால், இருவரும் ஒரே அளவு படித்தவர்கள் ஆகிவிடுவார்களா? இரவும் மேகமும் குறுக்கிடுவதால், சூரியத் தகடு ஆண்டு முழுவதிலும் தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உழைக்கிறது. அனல் நிலையமோ மூன்றில் இரண்டு பங்கு உழைக்கிறது. ஆகவேதான் 2023-24-இல் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது.

கதிரவன் மறையும் வேளையில்தான் வீடுதோறும் விளக்கு எரிகிறது. எனவே பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமிக்க வேண்டும். மின்கலம் ஒரு வழி. நீர் மற்றொரு வழி. மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே பாய்ச்சினால், செலவிட்டதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு திரும்பக் கிடைக்கும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட், மேற்கு வங்கத்துப் புருலியாவில் 900 மெகாவாட் நிலையங்கள் இம்முறையில் அமைந்தவை. இத்தகையவை இன்னும் பல வேண்டும்.

எத்தனை தகடுகள் நட்டோம் என்பது மட்டும் கணக்காகாது. எத்தனை டன் கரி எரியாமல் நின்றது என்பதே கணக்கு. நண்பகலில் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் இரவில் போடுவதும் விடுதியில் நமக்கு ஒன்றாகத் தோன்றலாம். கரிக் கணக்கில் அவை ஒன்றல்ல.