மாத்திரையும் மழைக்காலமும்

ஆடி மாதத்து அடைமழையில் நமது மாட்டுங்காவில் உப்பு ஜாடியில் நீர் கோப்பதும் அப்பளம் நமத்துப் போவதும் இல்லத்தரசிகள் அறிந்தவையே. அந்த ஈரம் மருந்து மாத்திரையையும் விட்டுவைப்பதில்லை என்பதைச் சென்ற ஆண்டு நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

நமது தகப்பனார் இதயத்தின் நலன் கருதி, வைத்தியர் கட்டளைப்படி நாள்தோறும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை உட்கொள்பவர். உறையைப் பிரிக்க அவர் விரல்கள் நடுங்குவதைக் கண்டு, ஒரு மாதத்து மாத்திரைகளை நாமே பிரித்துப் பழைய புட்டியொன்றில் இட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தோம். மூன்று வாரங்கள் சென்றபின் மூடியைத் திறந்தால் வினிகரின் புளிப்பு வாடை வீசியது. மாத்திரையோ விரல் பட்டதும் விளிம்பு உதிர்ந்தது. ஈரம் பட்ட ஆஸ்பிரின், சாலிசிலிக் அமிலமாகவும் வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்துவிடும் என்று வைத்தியர் விளக்கி, அவற்றை எறிந்துவிடச் சொன்னார். அன்பினால் செய்த காரியம், எத்தனை நாள் மருந்தின் பயனைக் குறைத்ததோ!

அப்படியாயின் ஈரம் மாத்திரைக்கு முழுப் பகையா? அன்று, வியப்பு இங்கேதான் உள்ளது. பொடியை அச்சிலிட்டு அழுத்தியே மாத்திரை செய்யும் முறைக்கு 1843 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் வில்லியம் பிராக்கிடன் என்னும் ஓவியர். அவ்வாறு அழுத்தும்போது பொடியில் சிறிதளவு ஈரம் இருந்தால்தான் துகள்கள் ஒன்றையொன்று பற்றும். மிகவும் உலர்ந்திருந்தால் மாத்திரையின் மேற்பகுதி தொப்பிபோல் கழன்றுவிடும். ஈரம் மிகுந்தாலோ பொடி அச்சில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரையும் உறுதி இழக்கும்.

நம் தாய்மார்கள் புட்டு மாவு பிசிறும் பக்குவத்தை எண்ணிப் பாருங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும். உதிர்த்தால் உதிர வேண்டும். மருந்துத் தொழிலிலும் பசை சேர்த்த மாவை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கும் இதே சோதனை வழங்கி வந்திருக்கிறது. பின்னர் அதைக் குறுணையாக்கி உலர்த்தி, மருந்துக்கேற்ற அளவு ஈரத்தை மட்டும் நிறுத்திக்கொள்கின்றனர். நீரில் இட்டதும் பொங்கும் மாத்திரைகளுக்கோ, ஈரத்தை வெகுவாகக் குறைத்த தனி அறையே தேவை.

1933 ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி, இன்று மாட்டுங்காவில் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்கும் கல்விக்கூடத்தில் மருந்தாக்கக் கலையும் கற்பிக்கப்படுகிறது. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் வட்டாரத்திலேயே இத்தகைய கல்வி நடப்பது பெருமைக்குரியது. புதிய மருந்தை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்துச் சோதிப்பது மருந்துத் தொழிலின் வழக்கம். ஆனால் அச்சோதனை, உறையிட்ட மருந்துக்கே. உறையை நாம் பிரித்துவிட்டால் அந்தக் காவல் அப்போதே நீங்கிவிடுகிறது.

ஆகவே அன்பர்களே, மாத்திரையை உண்ணும் வேளையில் மட்டும் உறையிலிருந்து எடுங்கள். சமையலறையும் குளியலறையும் மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. புட்டியில் வரும் மருந்தாயின், உள்ளிருக்கும் சிறு உலர்த்திப் பையை எறியாது, மூடியை இறுக மூடுங்கள். நிறம், வாடை, உறுதி மாறிய மாத்திரையை மருந்துக் கடைக்காரரிடமோ வைத்தியரிடமோ காட்டாமல் உட்கொள்ள வேண்டாம்.

இப்பொழுது நமது தகப்பனாருக்குக் காலைதோறும் ஒரு மாத்திரையை நாமே பிரித்துக் கொடுக்கிறோம். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடந்தான்.