அறுந்த நாண் ஆறுவது எப்படி?

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் வெண்ணிறமான உறுதியான பட்டியைத் தசைநாண் என்கிறோம். ஊரில் இதையும் ‘நரம்பு’ என்றே சொல்வார்கள். “நரம்பு பிரண்டிட்டு”, “நரம்பு அறுந்திட்டு” என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் தசைநாணில் ஏற்பட்ட காயங்களே. குதிக்காலுக்கு மேலே பின்பக்கமாக விரல்களால் பிடித்துப் பார்த்தால் தடித்த தசைநாண் ஒன்று கையில் தட்டுப்படும்.

நான் உயிரியல் வகுப்புக்குப் போகும் பெரியகல்லாற்றில், வாவியில் வீச்சு வலை வீசும் ஐயா ஒருவர் இருக்கிறார். தோளில் தசைநாண் கிழிந்ததால் சில மாதங்களுக்கு வலை வீசக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். “கையில கத்தி வெட்டினா ஒரு கிழமையில ஆறுது மகள். இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?” என்று கேட்டார். வலை வீசாத நாளில் அவருக்கு உழைப்பில்லை. அவரது கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தோலில் குருதிக்குழாய்களும் கலங்களும் நிறைய உண்டு. தசைநாணில் இரண்டுமே குறைவு. அதன் உலர்ந்த எடையில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமே. இப்புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1955இல், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறே கொலாஜன் என்று கூறினர். அதற்கு உதவியவற்றுள் கங்காருவின் வாலிலுள்ள தசைநாணை எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களும் அடங்கும். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் இருப்பதால்தான் அவ்வளவு நெருக்கமாக முறுக்க முடிகிறது.

மருதமுனைத் தறியில் பாவு நூல்கள் ஒரே திசையில் இழுபட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல தசைநாணில் கொலாஜன் நார்களும் அப்படித்தான் நிற்கின்றன. காயம் ஆறும்போது புதிய நார்கள் சிக்கு நூலாகவே முதலில் உருவாகின்றன. அந்தத் தழும்பு கிழிசலை மூடும். ஆனால் பழைய பலம் அதில் இராது. நார்கள் வரிசைப்பட மாதங்கள் செல்லும்.

இந்த வேலையைச் செய்யும் கலங்களில் தசைநாணின் மூலக்கலங்களும் அடங்கும். இவை தசைநாண் கலமாகவும் மாறலாம், எலும்பு, கசியிழையம், கொழுப்பு ஆகியவற்றின் கலங்களாகவும் மாறலாம். அப்படியானால் எதுவாக மாற வேண்டும் என்பதை அவற்றுக்கு யார் சொல்வது?

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் மரியன் யங் தலைமையிலான குழு 2007இல் இதற்கு ஒரு விடை தந்தது. கலங்களைச் சூழ்ந்துள்ள தாயத்தில் கொலாஜனுடன் பைகிளைக்கன், ஃபைப்ரோமொடியுலின் என்ற இரு புரதங்களும் உள்ளன. இவ்விரண்டும் இல்லாத சுண்டெலிகளில் மூலக்கலங்கள் வழிமாறின. எலும்பை உருவாக்கத் தூண்டும் சைகைகளுக்கு அவை அளவுக்கு மீறி இணங்கின. தசைநாண் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வளர்ந்தது. கலத்தைச் சூழ்ந்த புரதங்கள் வெறும் நிரப்பும் பொருளல்ல, கலத்தின் போக்கை நெறிப்படுத்துபவை என்பது இதனால் தெளிவானது.

ஆகவே மூலக்கலங்களை ஊசிமூலம் காயத்தில் செலுத்துவது மட்டும் போதாது. அவ்வாறு செய்த சில விலங்குச் சோதனைகளில் தசைநாணுக்குள் எலும்பு தோன்றியிருக்கிறது. இதனால் தசைநாணைப் போலவே நார்கள் ஒரே திசையில் அமைந்த தாங்கிகளை உருவாக்கி, கலங்களை அவற்றில் குடியேற்றிப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இழுவிசையும் தாயத்தின் வழியாகவே கலங்களை அடைகிறது. இழுவிசையே இல்லாவிட்டால் தசைநாண் நலிந்துவிடும். ஆறுமுன் அளவுக்கு மீறி இழுத்தால் புதிய நார்கள் மீண்டும் கிழியும். முதலில் ஓய்வு, பிறகு சிறிய பயிற்சி, பிறகுதான் பாரம் என்று வைத்தியர்கள் படிப்படியாகச் சொல்வது இதனால்தான். நோவு குறைந்ததும் தொழிலுக்குப் போய்விடுகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். நோவு போவது முதலில் நடக்கும், நார்கள் வரிசைப்படுவது பிறகுதான் நடக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல உயிரியல் படிக்கும் நம்மால் முடியும்.