கிறிஸ்துமஸுக்கு 20 பேருக்குச் சமைக்கப் போகிறீர்களா? உங்கள் கிச்சன் தயாரா என்று பார்ப்பது எப்படி?

டிசம்பர் பிறந்தாலே ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வீட்டில் லீவ் கணக்கு ஆரம்பித்துவிடும். லீவ் கிடைத்தால் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ டிக்கெட். கிடைக்காவிட்டால் பண்டிகை இங்கேயேதான். செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை முடிந்ததும், கொண்டாப்பூரிலோ மாதாப்பூரிலோ இருக்கும் வாடகை ஃப்ளாட்டில் நண்பர்கள், ஆபீஸ் ஆட்கள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பம் என்று 15, 20 பேருக்குச் சாப்பாடு.

நாலு பேருக்குச் சமைக்க அமைத்த கிச்சன் அன்றைக்கு ஒரு நாள் உணவகம் ஆகிவிடுகிறது. ஆனால் உணவகத்தில் இருக்கும் பெரிய ஃப்ரிட்ஜோ, பச்சை இறைச்சிக்கென்று தனி மேடையோ வீட்டில் கிடையாது. ரெசிபியை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். கிச்சனைத் தயார் பண்ணுவது வேறு வேலை. அதை இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் சரியாக வரும்.

எதை வைத்து ஆரம்பிப்பது?

இதற்கு ஹைதராபாத்திலேயே ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது. 2024-ல் தெலங்கானா உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறப்புக் குழுக்கள் நகரத்தின் உணவகங்களில் தொடர்ந்து சோதனை நடத்தின. சமையலறைக்குள் கண்டதை எக்ஸ் தளத்திலும் வெளியிட்டன. திரும்பத் திரும்ப வந்த குறைகள் சில: காலாவதியான பொருட்கள், தேதி எழுதாத டப்பாக்கள், மூடாமல் வைத்த உணவு, பச்சை இறைச்சியும் சமைத்ததும் ஒரே ஃப்ரிட்ஜில் கலந்து கிடப்பது, கரப்பான் பூச்சி.

அந்தப் படங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அதே ஐந்து விஷயங்களைத் தங்கள் வீட்டு அலமாரியிலும் ஃப்ரிட்ஜிலும் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்.

இரண்டு வாரம் முன்பு: முதலில் காலி பண்ணுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன் பழையதை வெளியே எடுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கோகோ பவுடர், எசென்ஸ், பாதி தீர்ந்த மைதா, எப்போதோ ஃப்ரீசரில் போட்ட பட்டாணி எல்லாவற்றிலும் தேதியைப் பாருங்கள். மைதாவைச் சலித்துப் பாருங்கள். வண்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே புது மாவைக் கொட்டணும்.

பேக்கிங் பவுடர் வேலை செய்யுமா என்று பார்க்க ஒரு டீஸ்பூன் பவுடரில் கால் கப் வெந்நீர் ஊற்றுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் சரி. சும்மா கரைந்து போனால் கேக் எழும்பாது. முந்திரி, வால்நட்டில் சிக்கு வாடை வந்தால் கேக்கில் போட்டாலும் அந்த வாடை போகாது.

பேகம் பஜாரில் உலர்பழங்களை லூஸில் வாங்குகிறவர்களுக்கு லேபிள் கிடைக்காது. வாங்கிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி டப்பாவில் ஒட்டிவிடுங்கள்.

பழம் ஊறவைக்க ரம்முக்குப் பதில் ஜூஸ் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் நாள் கணக்கு மாறும். ரம்மிலோ பிராந்தியிலோ பழத்தை ஒரு மாதம் அலமாரியிலேயே ஊறவைக்க முடிவதற்குக் காரணம் அதில் இருக்கும் ஆல்கஹால். உலர்பழத்தின் சர்க்கரையும் அதோடு சேர்ந்துகொள்வதால் கிருமி எளிதில் வளராது. ஆரஞ்சு ஜூஸிலோ திராட்சை ஜூஸிலோ அந்தக் காவல் கிடையாது. ரெசிபியில் ரம் என்ற வார்த்தையை மட்டும் ஜூஸ் என்று மாற்றிவிட்டு அதே ஒரு மாதம் வெளியே வைத்தால் பழம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஜூஸ் என்றால் கேக் செய்வதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பு ஊறவைத்தால் போதும், அதுவும் ஃப்ரிட்ஜில்தான்.

கேஸும் கரண்டும் தாங்குமா?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். முறுக்கு, பிரியாணி என்று அடுப்பு தொடர்ந்து எரியும் வாரத்தில் அது வழக்கத்தைவிட வேகமாகத் தீரும். மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சிலிண்டரின் மேல் வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். டி, 28 என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் அந்த சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பணும் என்று பொருள். தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றணும், விரிசல் தெரிந்தால் உடனே. கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

அடுத்தது ஓ.டி.ஜி. அவன். 2,000 வாட் அவன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் போடும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அவனையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் ஒயர் சூடாகி உருகலாம், தீயும் பிடிக்கலாம். அவனுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை. உங்கள் கிச்சனில் அது ஒன்றுதான் இருக்கிறது, அதில் மைக்ரோவேவ் இருக்கிறது என்றால், கேக் நாளில் மைக்ரோவேவுக்கு லீவ் விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் அவன் என்றால் ஒரு வாரம் முன்பே ஒரு சின்ன கேக் போட்டுப் பார்ப்பது நல்லது.

முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

பலகாரம் வீட்டுக்கு வீடு மாறும். தமிழ் வீடுகளில் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கல்கல். நம்ம அதிரசத்துக்கு நெருங்கிய சொந்தமான அரிசெலு தெலுங்கு வீடுகளில். ஆனால் எல்லா வீட்டிலும் கடைசியில் மிஞ்சுவது ஒரு சட்டி எண்ணெய்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து போலார் சேர்மங்கள் என்ற பொருட்கள் சேரும். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளந்து பார்க்க வழியில்லை. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் எளிமையானது: பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, பொரியலுக்குத் தாளிக்கப் பயன்படுத்தலாம், அதையும் ஓரிரு நாளில் தீர்த்துவிடணும், மறுபடி பொரிக்கக் கூடாது.

அதனால் பெரிய சட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றுவதைவிட, சின்னச் சட்டியில் அளவாக ஊற்றிப் பொரிப்பது மிச்சம். மீந்ததை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள்.

சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை ஒரு தட்டால் மூடி அப்படியே ஆறவிடுங்கள். தட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கணும்.

ஃப்ரிட்ஜில் எது மேலே, எது கீழே?

ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கணும். முட்டிமோதத் திணித்தால் உள்ளே காற்று ஓடாது, நடுவில் இருப்பது குளிராது. 24-ம் தேதி கூல் டிரிங்ஸ் பாட்டில்களை வெளியே எடுத்து ஐஸ் போட்ட டப்பில் வைத்துவிடுங்கள். இடமும் கிடைக்கும், விருந்தினர் நிமிடத்துக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறப்பதும் குறையும்.

சமைத்தது மேல்தட்டில், பச்சை இறைச்சி மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில். ரத்தம் சொட்டினாலும் கீழே இருக்கும் சாலட்டில் விழக் கூடாது என்பதுதான் கணக்கு. உறைந்த சிக்கனை மேடையில் வைத்து இளக்காமல் முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கறியைக் குழாயடியில் கழுவினால் தண்ணீர் தெறித்து சிங்க், கரண்டி, பக்கத்தில் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் கிருமி படியும். கழுவித்தான் ஆகணும் என்றால் பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, சிங்க்கையும் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கறி வெட்ட ஒரு பலகை, வெங்காயம், வெள்ளரிக்கு வேறொரு பலகை.

பிரியாணியை முந்தின நாளே செய்து வைக்கலாமா?

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிலருக்கு நள்ளிரவுத் திருப்பலி, சிலருக்கு அதிகாலை ஆராதனை. காலையில் நேரம் இருக்காது என்று 24-ம் தேதி இரவு 8 மணிக்கே பிரியாணியை இறக்கி மூடி வைக்கத் தோன்றும். மறுநாள் மதியம் 1 மணிக்குப் பரிமாறினால் நடுவில் 17 மணி நேரம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. சோற்றில் வாடையோ நிறமாற்றமோ தெரியவேண்டும் என்றும் இல்லை. "சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்ற பழைய நம்பிக்கை இங்கே கைகொடுக்காது.

"டிசம்பர்ல என்ன, குளிர்தானே" என்பதும் தப்புக் கணக்கு. ஹைதராபாத்தில் டிசம்பர் இரவு வெப்பநிலை சுமார் 15 டிகிரி. கிருமிகள் வேகமாக வளர்வது 5 முதல் 60 டிகிரிக்குள். அதுவும் கனமான அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பநிலையில் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 24-ம் தேதி வெங்காயம் பொரிப்பது, மசாலா அரைப்பது, கறியை ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது. சோறு 25-ம் தேதி ஆராதனை முடிந்து வந்த பிறகு. முந்தின இரவே சமைத்துத்தான் ஆகணும் என்றால், அகலமான தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

ஹைதராபாத் பாணி கச்சி பிரியாணி செய்வதாக இருந்தால் இன்னொரு விஷயம். அதில் பச்சைக் கறியை அடியில் வைத்து மேலே அரைவேக்காட்டுச் சோற்றைப் போட்டு தம் கட்டுவார்கள். வீட்டு அடுப்பின் சின்ன பர்னரில் பெரிய அண்டாவுக்குச் சூடு ஒரே சீராகப் போகாது. ஒரே அண்டாவுக்குப் பதில் இரண்டு பாத்திரமாகப் போடுங்கள். பரிமாறும் முன் நடுவில் இருக்கும் கறித்துண்டை எடுத்து வெந்திருக்கிறதா என்று பாருங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 70 டிகிரி காட்டணும்.

முட்டையில் என்ன சிக்கல்?

2024 அக்டோபரில் ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட பலர் நோயுற்றார்கள், ஒரு பெண் உயிரிழந்தார். அந்த நாட்களிலேயே, அக்டோபர் 30-ம் தேதி, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தெலங்கானா அரசு ஓராண்டுத் தடை விதித்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்பு உண்டு.

கிறிஸ்துமஸ் கிச்சனில் பச்சை முட்டை வேறு பெயர்களில் வரும். கேக் மேல் பூசும் ராயல் ஐசிங், சாக்லேட் மூஸ், சில வகை மார்சிபான் எல்லாவற்றிலும் வேகாத வெள்ளைக்கரு சேரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் முட்டை சேர்க்காத செய்முறையைத் தேர்ந்தெடுங்கள். கேக் மாவைக் கிண்ணத்திலிருந்து வழித்துச் சாப்பிடும் ஆசையும் வேண்டாம். அதில் முட்டை மட்டுமல்ல, மாவும் பச்சைதான்.

கேக்கை ஆர்டர் பண்ணுகிறவர்களுக்கு?

வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்யணும். 14 இலக்கப் பதிவு எண், செய்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிடணும் என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் நீங்களே நாலு கேக் விற்கப் போவதாக இருந்தாலும் விதி அதேதான்.

நாள் வாரியாகப் பார்த்தால்

டிசம்பர் 10–12: அலமாரி, ஃப்ரீசர் காலி, சிலிண்டர், டியூப், பிளக் சோதனை.

15–18: அவன் சோதனை, பிளம் கேக்.

18–22: பலகாரம். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்கணும். சூட்டோடு மூடினால் ஆவி பிடித்து நமுத்துவிடும்.

23: ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்குவது, உறைந்த இறைச்சி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு.

24: அரைப்பது, ஊறவைப்பது. சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அடுப்பு, ரெகுலேட்டர், அவன் எல்லாம் ஆஃப். சிம்மில் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

25: சோறு, கறி. சாப்பாடு முடிந்த கையோடு மீந்தது ஃப்ரிட்ஜுக்கு.

அதையும் மீறி யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ரத்தம் கலந்து போனால், அதிகக் காய்ச்சல் இருந்தால், தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகணும். குழந்தைகளும் வயதானவர்களும் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் வேகம் தேவை.

இந்தப் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், வேலையைத் திரும்பப் பிரியுங்கள். தூக்கம் கெட்டு, தனியாளாக 20 பேருக்குச் சமைப்பவர்தான் மீந்த பிரியாணியை ஃப்ரிட்ஜில் வைக்க மறப்பார்.