பயிற்சிக்குப் பிள்ளைகள் நம்மைத் தேடி வர என்ன செய்யலாம்?

பள்ளிமுனையில் காலையில் இறங்கும் மீனும் நண்டும் கூலர் லொறியில் ஏறுவதற்குள் எத்தனை கணக்கு என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். நிறை, தரம், படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணம், டீசல், ஐஸ், கழிவு என்று அது நீளும். பல இடங்களில் இவையெல்லாம் ஒரு கொப்பியிலும் முதலாளியின் தலையிலும்தான் இருக்கின்றன. முதலாளி நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் வியாபாரமும் படுத்துவிடும். மறுபக்கத்தில், கணக்கியலும் தகவல் தொழில்நுட்பமும் படித்த நம் பகுதிப் பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வழி பார்க்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கக்கூடிய ஒரு வழிதான் உள்ளகப் பயிற்சி.

இதை இரண்டு வகையாகப் பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது. முதலாவது, தொழில் பயிலுநர் முறை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய பயிலுநர் சபை, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் இன்றைய நைட்டா நிறுவனமாக மாறியது. வெல்டிங், குளிரூட்டி திருத்துதல், மோட்டார் இயந்திரம் போன்ற தொழில்களில் பிள்ளை நம் இடத்திலேயே பழகி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அனுபவத்தால் தொழில் பழகிய நமது பழைய ஊழியரும் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதே சான்றிதழைப் பெற வழியுண்டு.

இரண்டாவது, பட்டப்படிப்பு, டிப்ளோமா மாணவர்களின் பயிற்சி. பல பாடநெறிகளில் குறிப்பிட்ட மாதங்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழகினால்தான் படிப்பு நிறைவுபெறும். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில்தான் இருக்கிறது. அங்கே வியாபாரக் கற்கைகள் பீடமும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் 2016இல் திறந்த பயிற்சி நிறுவனமும் நமக்குத் தூரமில்லை. ஜேர்மனியில் பயிலுநர் வாரத்தில் மூன்று, நான்கு நாள் தொழிலகத்திலும் மீதி நாள் தொழிற் பாடசாலையிலும் இருப்பார். அங்கே சிறிய பட்டறைகளும் இப்படிப் பிள்ளைகளை எடுத்துப் பழக்குகின்றன. ஆகவே இது பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரிய விடயம் என்று ஒதுங்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் நம்மிடம் பிள்ளைகள் வருவதில்லை? இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடை வாசலில் "வேலைக்கு ஆள் தேவை" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டால் மாணவன் அதைத் தனக்கென்று நினைக்கமாட்டான். அறிவித்தலில் ஐந்து விடயம் இருக்க வேண்டும்: என்ன வேலை பழகலாம், எத்தனை மாதம், என்ன நேரம், மாதக் கொடுப்பனவு எவ்வளவு, முடிவில் என்ன கடிதம் கிடைக்கும். உதாரணமாக இப்படி எழுதலாம்: "எமது மீன் கொள்வனவு நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சி. நாளாந்தக் கொள்வனவுக் கணக்கைக் கணினியில் ஏற்றவும், இருப்புப் பார்க்கவும், வங்கிக் கணக்கு ஒப்பிடவும் பழகலாம். பயணச் செலவும் மாதக் கொடுப்பனவும் உண்டு." இவ்வளவு போதும்.

இதை வாசலில் ஒட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பல்கலைக்கழகத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம், உயர்தர வகுப்புள்ள பாடசாலை அதிபருக்கு ஒரு பிரதி, பள்ளிவாசல், கோயில் அறிவித்தல் பலகைகளில் ஒவ்வொன்று என்று அனுப்புங்கள். காலமும் முக்கியம். உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து பல்கலைக்கழகம் போகும் வரை பல மாதம் வீட்டில் இருக்கிறது. பரீட்சை முடிந்த கிழமையே நமது அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். பெற்றோரை ஒரு நாள் கடைக்கு அழைத்து, பிள்ளை இருக்கப்போகும் இடத்தையும் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தையும் காட்டினால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.

வந்த பிள்ளையை நடத்தும் முறைதான் அடுத்த வருட விளம்பரம். தேத்தண்ணி வாங்கவும் பெட்டி தூக்கவும் மட்டும் விட்டால், அந்தச் செய்தி ஒரே நாளில் வகுப்பு முழுக்கப் போய்விடும். பழக்குவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கிழமைக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். கொடுப்பனவு சிறிதானாலும் சொன்ன திகதியில் கொடுங்கள். பயிற்சி என்ற பெயரில் முழு வேலை வாங்கிச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது நியாயமுமல்ல, நிலைக்கவும் மாட்டாது. 2021 முதல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 16. 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலையில் விடக் கூடாது. ஊழியர் சேமலாப நிதி, விபத்து நட்டஈடு பற்றித் தொழில் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

"பழக்கிவிட்டால் போய்விடுவான்" என்று சிலர் சொல்வதுண்டு. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் அதற்குள் கொப்பியில் கிடந்த கணக்கு ஒழுங்காகியிருக்கும். வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு ஒரு வருடக் கணக்கு கையில் இருக்கும். பத்துப் பேரில் இரண்டு பேர் ஊரிலேயே நின்றாலும் அது நமக்கு இலாபம்தான். இந்த வருடம் ஒரேயொரு பிள்ளையை எடுத்துப் பாருங்கள்.