மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கும் முன்: நாமே தயார் செய்ய வேண்டியவை



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது சில கேள்விகளை எல்லோர் முன்னாலும் கேட்பீர்கள். சில கேள்விகள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து மெதுவாகக் கேட்கிற கேள்விகள். "மேடம், மஞ்சள் நோட்டீஸ் குடுத்துட்டா கடன் எல்லாம் போயிடுமாமே, நெசமா?" என்பது அந்த இரண்டாவது வகை. பல கிராமங்களில் இதைக் கேட்டுவிட்டோம். சில இடங்களில் "பணம் குடுங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்று புரோக்கரும் வந்து நிற்கிறார். அதனால் இந்த இதழில் இதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம்.

மஞ்சள் நோட்டீஸ் என்றால் என்ன?

"என்னால் கடனைக் கட்ட முடியவில்லை. எனக்கு இருக்கும் சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு. சொத்தை கோர்ட் எடுத்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும், என்னைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும்" என்று கடன் பட்டவரே கோர்ட்டில் கொடுக்கும் மனு இது. ஊரில் மஞ்சள் நோட்டீஸ், மஞ்சக் கடுதாசி என்பார்கள். கோர்ட்டில் ஐ.பி. என்பார்கள்.

சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடத்துச் சட்டம். நம்மைப் போன்ற வெளியூர்களுக்கு 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. அதில் மிகச் சிறிய கடனாளிகளுக்கு என்று ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் சாதாரண ஆட்களுக்கு அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இன்றும் பழைய சட்டம்தான்.

கடன் 500 ரூபாய்க்கு மேல் இருந்து அதைக் கட்ட முடியாத நிலை இருந்தாலே மனு கொடுக்கலாம். 1920-ல் எழுதின சட்டம் என்பதால் அந்தத் தொகை அவ்வளவு சிறியது. வக்கீல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் வழக்கில் நாமே நேரில் ஆஜராகலாம்.

முதலில் பயத்தை விடுங்கள்

கடன்காரர் வாசலில் வந்து "உன்னை ஜெயில்ல தள்ளிடுவேன்" என்று சொல்வதைப் பல அக்காமார்கள் நம்பிவிடுகிறார்கள். பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ கோர்ட் உத்தரவிடக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். (காசோலை திரும்பிய வழக்கு வேறு. அது குற்ற வழக்கு. ஐ.பி. கொடுத்தால் அது தானாக நிற்காது.)

வீட்டுக்காரர் வாங்கின கடனுக்கு நீங்கள் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால், அது உங்கள் கடன் ஆகாது. அவர் காலமாகிவிட்டால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் கேட்க முடியும். எனவே பட்டியல் எழுதும் முன் எது உங்கள் கடன், எது உங்கள் கடன் இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடன் பட்டியல்

மனுவின் உயிரே இந்தப் பட்டியல்தான். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்:

1. கொடுத்தவர் பெயர், முழு முகவரி
2. எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கினோம்
3. இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு
4. என்ன எழுதிக் கொடுத்தோம்: புரோநோட்டு, பத்திரம், செக், வெறும் வாய்ப்பேச்சு
5. அடமானம் ஏதும் உண்டா
6. ஜாமீன் போட்டவர் யார்
7. வக்கீல் நோட்டீஸ், சம்மன், ஜப்தி உத்தரவு ஏதும் வந்ததா

ஓர் உறுப்பினரின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வங்கி நகைக்கடன் 60,000. இரண்டு தனியார் நுண்கடன் நிறுவனங்களில் 38,000, 27,000. தெரிந்தவரிடம் புரோநோட்டில் 1,50,000, இதற்கு அண்ணன் ஜாமீன். குழுக் கடன் பாக்கி 25,000. மளிகைக் கடையில் 6,500. மொத்தம் 3,06,500 ரூபாய். இதை எழுதிக் கூட்டும்வரை "ரெண்டு லட்சம் இருக்கும் மேடம்" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். மளிகைக் கடை பாக்கியை "சின்னது தானே" என்று விடக் கூடாது. தங்கச்சியிடம் வாங்கின கைமாத்தையும் வெட்கப்பட்டு விடக் கூடாது. சட்டம் எல்லாக் கடனையும் கேட்கிறது.

தேதியைக் கவனமாக எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடம்தான் காலக்கெடு. அதற்குள் வட்டியோ அசலோ கட்டி எழுதிக் கொடுத்திருந்தால், அல்லது கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே "சும்மா ஒரு கையெழுத்து" என்று யார் கேட்டாலும், படிக்காமல் போடாதீர்கள்.

சொத்துப் பட்டியல்

அடுத்து, உங்கள் பெயரில் இருப்பதை எல்லாம் மதிப்போடு எழுத வேண்டும்: நிலம், வீடு, நகை, ஆடு மாடு, வண்டி, வங்கிக் கணக்கு, குழுவில் உள்ள சேமிப்பு, உங்களுக்கு மற்றவர் தர வேண்டிய பணம். அது எங்கே இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இவற்றை கோர்ட்டிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்றும் மனுவில் சொல்ல வேண்டும்.

"அப்போ நடுத்தெருவுக்கு வந்துடுவோமே" என்று பதற வேண்டாம். ஜப்தி செய்யக் கூடாதவை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஐ.பி.யிலும் அவற்றை எடுக்க முடியாது. முக்கியமானவை:

- உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை
- மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலி இதில் வரும்
- கைத்தொழில் செய்பவரின் கருவிகள்
- விவசாயம் செய்பவரின் உழவுக் கருவி, பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடு, விதை
- விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டுவேலை செய்பவருக்குச் சொந்தமாக இருந்து அவரே குடியிருக்கும் வீடு
- கூலித் தொழிலாளியின் கூலி

எடுக்க முடியாத பொருளையும் பட்டியலில் எழுதி, பக்கத்திலேயே "60-ஆம் பிரிவின்படி விலக்கு கேட்கிறேன்" என்று குறித்துவிடுங்கள். அடமானம் வைத்த பொருள் மட்டும் வேறு கதை. அடமானம் பிடித்தவரின் உரிமையை ஐ.பி. தடுக்காது. மேலே சொன்ன கணக்கில், 60,000 கட்டவில்லை என்றால் வங்கி நகையை ஏலம் விடலாம்.

செய்யவே கூடாத நான்கு

ஒன்று: மனு கொடுக்கும் முன் நிலத்தைத் தம்பி பேருக்கு எழுதி வைப்பது. புரோக்கர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். திவால் அறிவிப்புக்குக் காரணமான மனுவுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் இனாமாகவோ பேருக்கோ எழுதிக் கொடுத்ததை கோர்ட் ரத்து செய்யலாம்.

இரண்டு: எல்லோரையும் விட்டுவிட்டு வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் கடனை அடைப்பது. மனுவுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் அப்படிச் சலுகை காட்டிக் கொடுத்ததும் செல்லாது.

மூன்று: கணக்கை, சொத்தை, சீட்டை மறைப்பது, கிழிப்பது. மோசடியாகச் செய்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. பெண்ணுக்குக் கைது இல்லை என்று மேலே சொன்ன பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது.

நான்கு: புரோக்கர் நிரப்பின மனுவில் படிக்காமல் கையெழுத்து. "இதில் உள்ளது உண்மை" என்று உறுதிமொழி கொடுப்பது நீங்கள். நாளைக்குக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான், புரோக்கர் இல்லை.

மனு எங்கே, எப்படி?

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதிக்கு அதிகாரம் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது இதற்கு அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம், எத்தனை நகல், எந்த வேலை நாளில் வாங்குவார்கள் என்பதை கோர்ட் அலுவலகத்திலேயே கேளுங்கள். மனுவில் உங்கள் முகவரி, கட்ட முடியாத நிலை, கடன் பட்டியல், சொத்துப் பட்டியல், இதற்கு முன் ஐ.பி. கொடுத்திருக்கிறீர்களா என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும்.

மனுவை ஏற்றதும் கோர்ட் விசாரணைத் தேதி குறித்துக் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். அன்றைக்கு அவர்களும் வருவார்கள், கேள்வி கேட்பார்கள். வாய்தா தவறாமல் போக வேண்டும். மனு கொடுத்த அன்றே எல்லா வழக்கும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். திவால் என்று அறிவித்து உத்தரவு வந்த பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர் புது வழக்குப் போட முடியாது. அப்போது விலக்கு பெறாத சொத்து கோர்ட் வசம் அல்லது ரிசீவர் வசம் போய்விடும்.

இன்னும் ஒன்று பலர் கோட்டைவிடுவது. விடுவிப்பு கேட்டு மனுப் போடுவதற்கு கோர்ட் ஒரு கெடு குறிக்கும். அந்த மனுவைப் போடாமல் விட்டால் திவால் உத்தரவே ரத்தாகிவிடும். பட்ட சிரமம் எல்லாம் வீண். கெடு தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

உத்தரவுக்குப் பின் எது மாறும், எது மாறாது?

விடுவிப்பு கிடைக்கும்வரை, யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், "நான் திவால் அறிவிக்கப்பட்டவர்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்குவது குற்றம். குழுவில் உள்கடன் வாங்கினாலும் இதே கதைதான். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் தடை வரும். திவால் அறிவிப்பு அரசிதழிலும் வெளியாகும். ஊருக்குத் தெரியாமல் செய்யக்கூடிய காரியம் இல்லை இது.

விடுவிப்பு கிடைத்தாலும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை போகாது.

எல்லாவற்றையும் விட நம் குழுக்களுக்கு முக்கியமானது இது: உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும், உங்களோடு சேர்ந்து கடன் பட்டவருக்கும் ஜாமீன் போட்டவருக்கும் விடுவிப்பு கிடையாது. மேலே சொன்ன கணக்கில் 1,50,000 ரூபாயும் அண்ணன் தலையில் விழும். வங்கி இணைப்புக் கடனை குழுவாகச் சேர்ந்துதானே வாங்கினோம்? உங்கள் பங்கு மற்ற உறுப்பினர்கள் தலையில் விழும். களை வெட்டிச் சேர்த்த சந்தாப் பணத்திலிருந்து அவர்கள் கட்ட வேண்டி வரும். எனவே மனு கொடுக்க முடிவு செய்தால், ஜாமீன்தாரரிடமும் குழுவிடமும் முதலில் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

கோர்ட்டுக்குப் போகும் முன் தட்ட வேண்டிய கதவுகள்

பட்டியல் தயாரானதும் நேராக மனு எழுத உட்காராதீர்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே இவற்றை முயற்சி செய்யுங்கள்.

குழு: ஊக்குநர், பிரதிநிதியிடம் பேசி, உங்கள் குழுக் கடன் தவணையைக் குறைத்து நாளை நீட்டித் தரக் கேளுங்கள். தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்கும் இதே கோரிக்கையோடு கிளை மேலாளரைக் குழுவாகப் போய்ப் பாருங்கள்.

நுண்கடன் நிறுவனம்: ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. இதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

கந்துவட்டி: இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. 3 வருடம் வரை சிறை உண்டு. கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. போலீசிலோ கலெக்டர் மனுநீதி நாளிலோ மனு கொடுக்கலாம்.

சட்டப் பணிகள் குழு: தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. நீங்கள் எழுதின பட்டியலைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். கடன்காரரும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி, தவணை போட்டு முடித்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் வழி இல்லை, சொத்தை விட கடன் பல மடங்கு, ஜாமீன்தாரர் யாரும் மாட்டவில்லை என்றால், ஐ.பி. கொடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. சட்டமே கொடுத்திருக்கும் வழி அது. கடனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுவதோ, உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பதோ வழியே இல்லை. அப்படி நினைப்பு வந்தால் உடனே பக்கத்து வீட்டு உறுப்பினரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு, எழுதத் தெரிந்தவர் நோட்டில் பட்டியல் போட்டுக் கொடுங்கள். அதில் உள்ள விஷயம் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது என்பதையும் அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்.