ஏழாவது சீட்டில் உட்காரப் போவது யார்?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள், கூட வந்த மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரை நாலு முறை மிதித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஐந்து சீட் வண்டிக்கு இது போதும். ஆனால் தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு மூன்று வரிசை கிராஸ்ஓவர் எஸ்.யூ.வி. வாங்கும்போது இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். டிக்கியில் தொடங்கி முன்னால் வர வேண்டும், பானெட் கடைசி. பழைய வண்டியின் குறைகளில் இரண்டு வகை உண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், டயர் வழுக்கையாகியிருக்கும், சஸ்பென்ஷனில் 'கடக் கடக்' சத்தம் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை இருக்கிறது. பேரம் பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு முட்டி முகவாயை இடித்தால் அதைச் சரிசெய்து தர எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஆள் கிடையாது. காசு கொடுத்துத் திருத்த முடியாததை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் கிராஸ்ஓவர் பிறக்கும் விதம். நம் சந்தையில் இருக்கும் மூன்று வரிசை கிராஸ்ஓவர்கள் பலவும் ஐந்து சீட் வண்டியைக் கொஞ்சம் இழுத்து நீட்டியவை. 2021 பிப்ரவரியில் வந்த டாடா சஃபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2741 மி.மீ. அதன் ஐந்து சீட் உடன்பிறப்பான ஹேரியருக்கும் அதே 2741. மொத்த நீளத்தில் 63 மி.மீ. கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மூன்று விரல்கடை அகலத்தை வைத்துக்கொண்டுதான் இன்னொரு வரிசை போட்டிருக்கிறார்கள். எம்.ஜி. ஹெக்டருக்கும் ஹெக்டர் பிளஸ்ஸுக்கும் இதே கதை, இரண்டுக்கும் 2750. ஹூண்டாய் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது என்று சொல்லலாம். கிரெட்டாவின் 2610-ஐ அல்காஸரில் 2760 ஆக்கியது. 2022-ல் வந்த கியா கேரன்ஸில் அது 2780. தோற்றத்தில் சஃபாரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாத கேரன்ஸ், இந்த அளவில் அதை முந்திவிடுகிறது. சக்கரங்களுக்கு நடுவே இடம் கூடவில்லை என்றால் மூன்றாவது வரிசை பின் சக்கரத்தின் தலைமேல்தான் போய் உட்கார வேண்டும். அடியில் பின் சஸ்பென்ஷனும் ஸ்டெப்னியும் இருப்பதால் அங்கே தரை மேடாக இருக்கும். தரை உயர்ந்தால் சீட்டுக்கும் தரைக்கும் இடைவெளி குறையும். தொடை சீட்டில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். அரை மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏழெட்டு மணி நேரம்.

எனவே வண்டி பார்க்கப் போகும்போது குடும்பமே போக வேண்டும். டிரைவர் சீட்டை ஓட்டப்போகிறவரின் உயரத்துக்கு நகர்த்துங்கள். அவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் பெரியவர் ஒருவர் வசதியாகச் சாய்ந்து உட்காரட்டும். அதற்குப் பிறகே மூன்றாவது வரிசைக்குப் போக வேண்டும். கன்சல்ட்டிங் கடைகளில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்: நடு சீட்டை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு, "பாருங்க சார், பின்னாடி எவ்வளவு இடம்!" என்பார்கள். உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களையும் முன்சீட்டின் அடியில் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சீட் நகரும் தண்டவாளமும் ஏ.சி. குழாயும் அங்கே காலைத் தடுக்கும். ஏறி இறங்குவது தனி சோதனை. நடு சீட்டை மடக்கும் லீவர் எட்டு வயதுப் பிள்ளையின் பலத்துக்கு இயங்குகிறதா? பழைய வண்டியில் அந்த கேபிள் இறுகியோ அறுந்தோ இருப்பது சாதாரணம். குழந்தை இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டும் குடும்பம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தக் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில்தான் இருக்கும். அங்கே இருக்கையை மாட்டிவிட்டால் அந்தப் பக்கத்துச் சீட்டை மடக்க முடியாது. மடங்குவது அந்த ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் மூன்றாவது வரிசைக்குப் போகும் வழியே அடைபட்டுப்போகும். கேப்டன் சீட் போட்ட ஆறு சீட் மாடலில் நடுவே நுழைந்து போகலாம், ஆனால் ஏழாவது ஆளுக்கு இடமில்லை. ஆர்.சி.யில் சீட்டிங் கெப்பாசிட்டி என்று போட்டிருக்கும் எண்ணில் டிரைவரும் சேர்த்தி என்பதைச் சிலர் கவனிப்பதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து மயங்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. எக்ஸ்.யூ.வி.700 2021-லும், புதுப்பிக்கப்பட்ட சஃபாரி 2023-லும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கின. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்சீட்டில் உட்காருகின்றன. குழந்தை பொம்மைகள் இரண்டாவது வரிசையில். மூன்றாவது வரிசை காலியாகவே இருக்கிறது. மோதலும் முன்னாலும் பக்கவாட்டிலும்தான். பின்னால் லாரி வந்து இடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. டிக்கிக் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் தலை இருக்கப்போவது உங்கள் கடைசிப் பிள்ளைக்கு என்றால், அந்த ஐந்து நட்சத்திரம் அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. கடைசி வரிசையின் இரண்டு சீட்டுக்கும் தோள்வழியாக வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, ஹெட்ரெஸ்ட் தலையின் உயரத்துக்கு வருகிறதா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அங்கே வரை நீள்கிறதா. கடைசித் தூணின் பிளாஸ்டிக்கில் ஏர்பேக் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஓனர் மேனுவலிலும் சரிபாருங்கள். ஒரே மாடலில் விலை குறைந்த வேரியன்ட்டுக்கு இரண்டு ஏர்பேக், டாப் வேரியன்ட்டுக்கு ஆறு என்று இருப்பது வழக்கம். விற்பவர் பெரும்பாலும் டாப் வேரியன்ட்டின் கதையைத்தான் சொல்வார். கேரன்ஸ் வந்த நாளிலிருந்தே எல்லா வேரியன்ட்டிலும் ஆறு.

லக்கேஜுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது அல்காஸரில் 180 லிட்டர், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, இன்னோவா கிரிஸ்டாவில் 300. ஏழு பேர் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றால் 180 லிட்டரில் பட்டுப்புடவைப் பையும் தாத்தாவின் மருந்துப் பெட்டியும் போகும். மற்றதைக் கூரைமேல் கட்ட வேண்டும். ஏ.சி.யை மட்டும் மதியம் ஒரு மணி வெயிலில், வண்டியை நிறுத்திவைத்தபடி, எல்லோரையும் உள்ளே உட்காரவைத்துச் சோதியுங்கள். கடைசி வரிசையில் காற்று வருவது வேறு, குளிர் வருவது வேறு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வருஷத்தில் பத்து நாள் பயன்படும் சீட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா? உண்மையிலேயே பத்து நாள்தான் என்றால் மூன்று வரிசை வண்டியே வேண்டாம் என்பதுதான் என் பதில். நல்ல ஐந்து சீட் காரை வாங்கிக்கொண்டு, அந்தப் பத்து நாளுக்கு டிரைவரோடு டெம்போ டிராவலர் எடுப்பது மலிவு. மூன்று வரிசைக்காக நாம் தருவது விலை மட்டுமல்ல. கூடுதல் எடை, டீசல், பார்க்கிங் தலைவலி எல்லாம் தினமும் கூடவே வரும். வாரம் இரண்டு முறையாவது ஏழு பேர் ஏறும் வீட்டுக்குத்தான் இந்த வண்டி. அந்த வீட்டுக்குக் கடைசி வரிசைதான் முக்கியம். "பின்னால் பிள்ளைகள்தானே உட்காரப் போகிறார்கள்" என்று இன்னொரு சமாதானம் சொல்வார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் ஐந்தாறு வருஷம் வைத்திருப்போம். இன்று ஒன்பது வயதில் குதித்து ஏறும் பிள்ளை அப்போது பதினைந்து வயதில் அப்பாவின் உயரத்துக்கு நிற்கும்.

இன்ஜினை ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கேயும் திருத்த முடியாதவை உண்டு: வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, சட்டம் வளைந்த வண்டி. வேடிக்கை என்னவென்றால், இவற்றையும் காட்டிக்கொடுப்பது கடைசி வரிசைதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து மீண்டும் சந்தைக்கு வந்தன. முன்சீட் கார்பெட்டை மாற்றிவிடுவார்கள். மூன்றாவது வரிசைக்கு அடியில் கைவைக்கச் சோம்பல். அங்கே சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, ஜாக்கி வைக்கும் பள்ளத்தில் காய்ந்த வண்டல், கடைசி வரிசை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் மண் கோடு ஆகியவை பொய் சொல்லாது. பின்னால் அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியென்றால் டிக்கி ரப்பரை உரித்துப் பார்க்கும்போது தொழிற்சாலை வெல்டிங் புள்ளிகள் ஒழுங்கு தப்பியிருக்கும். ஓடோமீட்டரை நம்ப வேண்டாம், சர்வீஸ் ரெக்கார்டை நம்புங்கள். 40,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் கடைசி வரிசை சீட் உறை நைந்து, ஏறும் படியில் பெயின்ட் தேய்ந்திருந்தால், அது ஒருகாலத்தில் டி-போர்டாக ஓடியதா என்று ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. ஹைவேயில் நீண்ட நேரம் ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடிய டீசல் வண்டியில் அது அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஓட்டமும் அப்படித்தான் என்றால் பெட்ரோலே மேல்.

டெஸ்ட் டிரைவையும் ஏழு பேரோடுதான் போக வேண்டும். ஆளுக்கு 60 கிலோ என்றாலே 420 கிலோ. புரோக்கரும் நீங்களும் மட்டும் ஏறி ஓட்டினால் எந்த வண்டியும் சிறகு முளைத்த மாதிரிதான் போகும். இந்த கிராஸ்ஓவர்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுபடுபவை. பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது டயர் சுற்றுகிறதா என்று தெரியும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் போய்த் தெரிந்துகொள்வதைவிட ஊர் மேம்பாலத்தில் தெரிந்துகொள்வது நல்லது. வேகத்தடையில் பின்பக்கம் தரை தட்டினால் பின் சஸ்பென்ஷன் தளர்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கான காற்றழுத்தம் தனியாக இருக்கும். அதைப் பிடித்துவிட்டு ஓட்டுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு வரும் கடைசி ஆட்சேபம்: "அப்படியானால் பேசாமல் இன்னோவா வாங்கச் சொல்லுங்களேன்!" இடத்தை மட்டும் அளந்தால் அந்த ஆட்சேபம் சரியானது. 2016-ல் வந்த கிரிஸ்டாவின் கடைசி வரிசைக்கு அந்த விலையில் நிகரில்லை, எட்டு சீட் மாடலும் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்காகவே பழைய கிரிஸ்டாவுக்குச் சந்தையில் கேட்கும் தொகையில், அதைவிட மூன்று நான்கு வருஷம் இளைய கேரன்ஸோ அல்காஸரோ கிடைத்துவிடும். ஏணிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உயரமான வண்டி என்பதால் பாட்டிக்கு ஏறுவதும் சிரமம். பேரம் பேசும் எவரும் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களின் வரி, செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்ததிலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கிய பிறகும் பழைய விலையையே அடிப்படையாக வைத்துப் பேசும் விற்பனையாளரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். டெல்லிப் பதிவெண் வண்டி மலிவாகக் கிடைத்தால், என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்டும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டி அடிபட்டால் உங்கள் சேதத்துக்குப் பணம் வராது.

தினமும் ஏழு பேர் ஏறும் வீட்டுக்கு என் வரிசை இதுதான்: பணம் இருந்தால் கிரிஸ்டா, அளவான பட்ஜெட்டுக்குக் கேரன்ஸ், அதற்கும் கீழே எர்டிகா. இவை மூன்றும் எம்.பி.வி. ஜாதி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். கிராஸ்ஓவர்தான் வேண்டும் என்றால் அல்காஸரைப் பாருங்கள். சஃபாரியும் எக்ஸ்.யூ.வி.700-ம் ஓட்டுவதற்கு அருமையான வண்டிகள்; ஐந்து பெரியவர்களும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்குச் சில வருஷங்கள் தாராளமாகப் போதும். அதற்கு மேல் எதிர்பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.