கடற்காகத்தின் முதுகில் ஒரு கேமரா

ஜப்பானின் ஹச்சினோஹே துறைமுகத்தை ஒட்டி கபுஷிமா என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. உச்சியில் ஒரு ஷிண்டோ கோயில். அதைச் சுற்றிப் படிக்கட்டு ஓரம் வரைக்கும் பல்லாயிரம் கருவால் கடற்காகங்கள் கூடு வைக்கின்றன. குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டுக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் உறவுதான் இது. கூட்டில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கடலுக்குள் போய்விட்டால், அங்கே என்ன தின்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்கு எட்டாது.

முதுகில் ஒரு கேமராவைக் கட்டி அனுப்பலாம்தான். ஆனால் அரைக் கிலோ எடையுள்ள பறவை எவ்வளவு சுமக்கும்? உடல் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரைதான் ஏற்றலாம் என்பது இந்தத் துறையில் பலரும் பின்பற்றும் வரம்பு. அப்படியானால் கருவி, பேட்டரி, உறை எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து கிராம் அளவில் முடிந்துவிட வேண்டும். அவ்வளவு சின்ன பேட்டரி, விடாமல் படம் பிடித்தால் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பறவை இரை தேடிக் கிளம்புவதற்குள்ளேயே கேமரா உயிரை விட்டிருக்கும். இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடு என்று நேரம் வைத்து அனுப்பினாலோ, வெறும் வானமும் அலையும்தான் பெரும்பாலும் பதிவாகி வரும்.

ஒசாகா, நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டு, 2020-இல் ‘கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். கேமராவை எப்போது இயக்குவது என்பதைக் கருவியே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு உதவுவது முடுக்கமானி. நம் கைபேசியைச் சாய்த்தால் திரையைத் திருப்புகிறதே, அதே உணரிதான். கேமராவோடு ஒப்பிட்டால் இது இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால் நாள் முழுக்க ஓடவிடலாம்.

முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைகளிலும் உடல் அசைவதை அது நொடிக்குப் பல முறை அளக்கிறது. அந்த அளவுகளைக் கோடாக வரைந்தால், சிறகடித்துப் பறக்கும்போது மேல்கீழ்க் கோடு ஒரே சீராக ஏறி இறங்கும். சிறகை விரித்து மிதந்தால் கோடு ஏறக்குறைய படுத்துவிடும். தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் அலையின் மெல்லிய ஆட்டம் மட்டும் தெரியும். இரையைக் கண்டு சட்டென்று திரும்பிப் பாயும்போது மூன்று கோடுகளும் ஒன்றாகச் சிதறும். இந்த வேறுபாட்டை ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்து, பறவையின் முதுகில் இருக்கும் சின்னஞ்சிறு சில்லுக்குள்ளேயே அடக்கினார்கள். இரை தேடும் அசைவு வந்ததும் கேமரா கண் திறக்கும். இலக்கு வைத்த காட்சி சிக்குவதில் நேரம் வைத்துப் படமெடுக்கும் முறையைவிட இது 15 மடங்கு துல்லியமாக இருந்தது. கடற்காகம் கடலுக்கு மேலே பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் காட்சிகளும் அதில் கிடைத்தன. கடலுக்குப் போனால் மீன் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதுச் செய்தி.

ஆனால் இந்தக் கதையை ‘செயற்கை நுண்ணறிவின் சாதனை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாகாது என்பது என் எண்ணம். அந்த நிரலுக்குத் தானாக எதுவும் தெரியாது. இந்த நொடி பறத்தல், இந்த நொடி மிதத்தல், இது இரை பிடித்தல் என்று பழைய பதிவுகளைப் பார்த்துப் பார்த்து யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துத்தான் அது தேறியது. பறவைக்குப் பறவை கருவி ஒரே இடத்தில் உட்காராது; கொஞ்சம் சாய்ந்தாலும் எண்கள் மாறிவிடும். அதனால், சாய்த்து வைத்தால் எண்கள் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பயிற்சியில் சேர்த்தார்கள். பறவையைத் தொட்டுக் கருவி கட்டியவர்களுக்குத்தான் இப்படி ஒரு தொல்லை இருக்கிறதென்றே தெரிந்திருக்கும்.

அண்டார்டிகாவின் அடேலி பெங்குவின் ஆய்விலும் இதே கதைதான். தலையில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு முடுக்கமானிகளைப் பொருத்தினார்கள். கூடவே முதுகில் கேமராவும் இருந்தது. உடலின் அசைவோடு சேராமல் தலை மட்டும் தனியாக வெடுக்கென்று ஆடினால் அது இரையைக் கொத்தும் அசைவு. 2013-இல் வெளியான அந்த ஆய்வில், வீடியோவில் இரை பிடிபடும் நொடியையும் தலை ஆடும் நொடியையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்த பிறகே, எண்களை மட்டும் வைத்து எத்தனை இரை என்று சொல்லும் துணிவு வந்தது.

சொல்லிக்கொடுத்ததை மட்டுமே தேடும் கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. யாரும் இதுவரை பார்க்காத ஒன்றைப் பறவை செய்தால், அந்த நொடியில் கேமரா மூடியேதான் இருக்கும். கடற்காகத்தை ஆராய்ந்த அதே வட்டாரத்திலிருந்து 2024-இல் வெளியான இன்னொரு கட்டுரை அங்கேதான் கை வைத்தது. இன்ன செயலைத் தேடு என்று சொல்வதற்குப் பதிலாக, பறவையின் அன்றாட அசைவு எப்படி இருக்கும் என்பதை மட்டும் கருவிக்குப் பழக்கினார்கள். அதிலிருந்து விலகி எது வந்தாலும் படம் பிடிக்கச் சொல்லி, ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகளின் மேல் ஏற்றி அனுப்பினார்கள். பறவை கூட்டுக்குத் திரும்பியதும் கருவியைக் கழற்றி எடுப்பார்கள். அதில் பதிவானது என்ன செயல், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதையெல்லாம் பறவையை அறிந்த ஒருவர்தான் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.